அடுத்த வீட்டில் வைத்த அரிசி

மனவுறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் குடித்தனம் நடத்தியவள் நான். என் மனவுறுதியின் லட்சணம் என்னவென்று ஒரு பிஸ்கட் டின் அப்போதே காட்டிவிட்டது.

மகளுக்கு அப்போது நான்கு மாதம். எங்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். பங்கீட்டு அரிசி எப்போதாவது வரும், கல்லும் உமியுமாக. என் பிள்ளையின் வாயில் முதலில் படுவது சோறாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். வந்த அரிசியில் கொஞ்சத்தை டின்னில் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து மூடினேன். மூன்றாம் நாள் கஞ்சி வைத்துவிட்டேன். மறுபடி சேர்த்தேன், மறுபடியும் கஞ்சிதான்.

"உன் வைராக்கியத்துக்கு ஆயுசு மூணு நாளுதான்" என்று கணவர் கேலி செய்தார். கஞ்சியில் பாதியைக் குடித்தவர் அவர். பெற்ற பிள்ளைக்காக ஒரு டின்னைக் காக்க முடியவில்லையே என்று நான் அழுதேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேச்சுக்கு மாறிவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசிக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். முன்னோருக்குப் படைக்க அவர் சேர்த்த அரிசியும் இப்படியே தீர்ந்துபோனதாம்.

"துக்கார்" என்றார். மாற்றிக்கொள்வோம்: இனி அவர் சேர்ப்பது என் வீட்டில், நான் சேர்ப்பது அவர் வீட்டில்.

அவர் டின் என் கட்டிலுக்கடியில் இருந்தது. பசி ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் மூடியைத் திறந்தும்விட்டேன். காலையில் கிணற்றடியில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து உடனே மூடினேன். என் அரிசியைக் காக்கத் தெரியாத கை அவர் அரிசியில் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. நான் திருந்திவிடவில்லை, டின் இருந்த இடம்தான் மாறியிருந்தது.

மகளுக்குச் சோறூட்டும் நாளில் அக்கா என் டின்னைக் கொண்டுவந்தார். போட்ட அரிசி அப்படியே இருந்தது. குழைய வடித்து ஊட்டினேன். முதல் வாயை மகள் துப்பிவிட்டாள். நானும் கணவரும் அக்காவும் அவள் வாயையே பார்த்தோம். இரண்டாவதை விழுங்கினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா காலி டின்னை என் கையில் திணித்தார்.

"அடுத்த அரிசி வந்ததும் இதில் போட்டு என்னிடமே கொடு. உன்னை நம்ப முடியாது."

"உங்களையும்தான்" என்றேன். அவருடைய டின்னை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.