மின்மினிகள் நின்றபோது ஓடிய கடிகாரம்

கோல சிலாங்கூரில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரே ஒரு தொலைக்காட்சிதான் இருந்தது. நோன்பு மாதத்தில் அதில் பாங்கு ஒலித்த பிறகுதான் வாடிக்கையாளர்கள் பேரீச்சம்பழத்தைத் தொடுவார்கள். அந்தத் தொலைக்காட்சியை ஒருநாள் மாலை மட்டும் தன் கணினிக்குத் திரையாக விட்டுத்தரும்படி சாச்சா கேட்டார். வாப்பாவின் தம்பியான அவர், எங்கள் கடையிலேயே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு கிடைத்தால் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த அந்தச் சின்னப் பெட்டியோடு குடும்பம் நடத்துவார். கோலாலம்பூருக்குப் போய்க் கணினி படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது கரண்டைத் தின்னும் பெட்டி என்பது வாப்பாவின் தீர்ப்பு.

"நோன்பு தொறக்குற நேரத்த இதுவே சரியாச் சொல்லும், காக்கா. அதே நேரத்துல புள்ளையும் இதுல வெளையாடலாம். ஒரே மெஷின், ரெண்டு வேலை!" என்று அண்ணனிடம் மன்றாடினார்.

"சரியாச் சொன்னா நீ படிக்கப் போ. சொல்லலன்னா ரொட்டிக் கல்ல விட்டு நகரக் கூடாது லா," என்றார் வாப்பா.

அந்தப் புள்ளை நான்தான். எனக்கு ஒன்பது வயது. விளையாட்டும் சாச்சா எழுதியதே. அதில், பக்கத்து ஊரான கம்போங் குவாந்தானின் ஆற்றோர மரங்களிலிருந்து மின்மினிகள் உதிரும். கீழே படகை நகர்த்திப் பிடிக்க வேண்டும். திரையின் மூலையில் கடிகாரம் ஓடும். ஆனால் இரண்டையும் சேர்த்து இழுக்கும் தெம்பு அந்தப் பெட்டிக்கு இல்லை. மின்மினிகளை வரைவதிலேயே அதற்கு மூச்சு வாங்கியது, கடிகாரம் பின்தங்கியது. சாச்சா மின்மினிகளைக் குறைத்தார், படகின் நிறத்தைப் பிடுங்கினார். அப்படியும் போதவில்லை. கடைசியில் தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் விளையாட விளையாட, திரைக் கடிகாரத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டார். இரண்டும் ஒத்துப்போயின.

"நிப்பாட்டாம வெளையாடும்மா. நீ நிப்பாட்டுனா மணி ஓட்டமா ஓடிடும்," என்றார். விளையாடச் சொல்லிக் கெஞ்சிய பெரியவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை கடை நிறைந்திருந்தது. கையில் கடிகாரம் கட்டியவர்கள்கூட அதைப் பார்க்கவில்லை. திரை சொல்வதுதான் மணி என்று உட்கார்ந்திருந்தார்கள். சாச்சா கஞ்சியை இறக்கப் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து வாப்பா என்னை அதட்டினார்.

"வேலை கெடக்கு, என்னா வெளையாட்டு? போய் எல்லா மேசைக்கும் கஞ்சி வை!"

வாப்பா சொன்னால் சொன்னதுதான். எழுந்துவிட்டேன். மின்மினிகள் நின்றன. பாரம் குறைந்த கடிகாரம் தன் போக்கில் ஓடத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கடைசி மேசைக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது கணினி கூவியது. வாப்பாதான் முதலில் பிஸ்மில்லா சொல்லிப் பழத்தைக் கடித்தார். கடையே அவரைப் பின்பற்றியது.

எதிர்ப்பக்கத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் இன்னும் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் பாங்கு சொல்லலையே லா!" என்றார் ஒரு லோரி ஓட்டுநர், வாய் நிறையப் பழத்தோடு. கைகள் அப்படியே நின்றன. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்த நோன்பு, சில நிமிட வித்தியாசத்தில் அத்தனை பேருக்கும் போயிற்று. அதை இன்னொரு நாள் நோற்று ஈடுசெய்ய வேண்டும்.

"கடைக்கு வந்தவங்க நோன்பையெல்லாம் கெடுத்துட்டியேடா!" என்று எல்லார் முன்னும் வாப்பா கத்தினார்.

பின்கட்டிலிருந்து ஓடிவந்த சாச்சா காலி நாற்காலியைப் பார்த்தார். என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"என் கணக்குதான் தப்பு, காக்கா," என்றார்.

கோலாலம்பூர்ப் பேச்சு அதோடு முடிந்தது. தலை நரைக்கும்வரை அவர் அந்த ரொட்டிக் கல்லின் முன்னால்தான் நின்றார். வாப்பாவுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

மறுநாள் நான் அழவில்லை. சாச்சா பெட்டியை என் மடியில் வைத்து, "மணியை எடுத்துட்டேன்மா. இனிமே முழு மெஷினும் ஒனக்குத்தான்," என்றார். படகுக்கு நிறம் திரும்பியிருந்தது. மின்மினிகள் முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் கொட்டின. நான் கைதட்டிச் சிரித்தேன். நான் நன்றாக விளையாட வேண்டும் என்பதற்காகத்தான் சாச்சா கடிகாரத்தை எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.