அந்தோனியம்மாள் வாங்கிய மூன்று பவளங்கள்

அந்தோனியம்மாள் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு என்று காலை ஏழு மணியிலிருந்து அவள் கண்ணில் படுவதெல்லாம் வெள்ளைதான். 1983இல் வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டாக்டர், தன் மூன்றடி உப்புநீர்த் தொட்டியையும் அதிலிருந்த இரண்டு மீன்களையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிடோக் பேட்டையில் நான்காவது மாடியிலிருந்த அவள் வீட்டுக்கு அதைத் தூக்கி வருவதற்குள் அவள் கணவர் லாசரசுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

லாசரஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவர். தொட்டிக்கு வேண்டிய கடல்நீரை வெளித்துறைமுகத்தில் மொண்டு, கேன்களில் கொண்டுவருவது அவர் பொறுப்பாயிற்று. மீன்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் வெறும் பாறையோடு தொட்டி மொட்டையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் டன்லப் தெருப் பக்கம் நூருல் அமீனின் மீன்கடைக்குப் போனாள்.

பின்கட்டில் நீல விளக்கு எரியும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றவள், வந்த காரியத்தையே மறந்துபோனாள். ஊதா வட்டங்கள், ஆரஞ்சு நடுவும் பச்சை விளிம்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள், விசிறி போல விரிந்த செக்கச் செவேலென்ற கிளை ஒன்று. எல்லாம் மெல்ல அசைந்தன.

"பாய், இது கல்லா, செடியா?"

"ரெண்டும் இல்லக்கா. உயிரு. மீன் மாதிரி அதுவும் ஒரு சீவன்தான்."

அவள் சிவப்பு விசிறியைக் காட்டினாள். அமீன் தலையை ஆட்டினார்.

"அது வேணாம்க்கா. அதுக்கு வெளிச்சம் மட்டும் பத்தாது, தினம் பொடித் தீனி ஊட்டணும். புதுசா வளக்கிறவங்க கையில ஒரு மாசம் தாங்காது. நான் வித்துடுவேன், நீங்கதான் அழுவீங்க."

"அப்ப எது தாங்கும்?"

ஊதா நிறக் காளான் பவளத்தை எடுத்துக் காட்டினார். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளுமாம். பூப்பூவாக இருந்தது பட்டன் பவளம். தானே பரவும், ஆனால் நஞ்சு உண்டு, வெறுங்கையால் தொடக்கூடாது என்றார். மூன்றாவதாக அவர் எடுத்ததைப் பார்த்து அவளுக்கு முகம் சுருங்கியது. நனைந்த செருப்புத்தோல் போலப் பழுப்பாக ஒரு குடை, தோல் பவளமாம்.

"கலரே இல்லையே பாய்."

"வச்சுப் பாருங்கக்கா. பிடிக்கலன்னா திருப்பிக் கொண்டாங்க."

அமீன் சொன்னபடி பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கலந்து, மூன்றையும் பாறை மேல் வைத்தாள். காளான் மறுநாளே விரிந்தது. பட்டன்கள் மூன்றாம் நாள் கண் திறந்தன. தோல் பவளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போயிற்று. ஐந்தாம் நாள் அதன் மேல் மெழுகு பூசினது போல ஒரு பளபளப்பு ஏறியது.

"செத்துப்போச்சு. எடுத்துப் போட்டுடு, தண்ணி கெட்டுரும்" என்றார் லாசரஸ்.

அவளுக்கு மனசு வரவில்லை. கீழே போய்ப் பொதுத் தொலைபேசியில் அமீனைக் கூப்பிட்டாள்.

"நாத்தம் அடிக்குதாக்கா?"

"இல்ல பாய்."

"அப்ப சாகல. தோல் உரிக்கப் போவுது. தொடாதீங்க. பம்ப்பைத் திருப்பி வச்சு, தண்ணி அது மேல ஓடுற மாதிரி விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வீடு திரும்பினார்கள். தொட்டியைப் பார்த்தவள் பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடையின் மேலிருந்து கண்ணாடித்தாள் போன்ற ஒரு படலம் ஓரத்திலிருந்து கழன்று, ஓடும் நீரில் மிதந்து போனது. அடியில் தெரிந்த தோல் இளம் பொன்னாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் புள்ளிகள் எழும்பின. புள்ளிகள் காம்பாகி, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் எட்டு இதழ் விரிந்தது. ஒன்று, பத்து என்று எண்ணத் தொடங்கியவள் நூறுக்கு மேல் விட்டுவிட்டாள். குடை முழுவதும் பூத்து நின்றது.

லாசரஸ் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றாமலே அவள் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"முப்பது வருஷமா இதுக்கு மேலதான் படகு ஓட்டிக்கிட்டு இருந்தேனா?"

அதற்குப் பிறகு கடல் அவரைச் சும்மா விடவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம் விசாரித்து, நீர் வெகுவாக வற்றும் ஒரு விடிகாலையில் அவளைத் தெற்கே ஒரு சின்னத் தீவுக்கு அழைத்துப்போனார். வழக்கமாகக் கழுத்தளவு தண்ணீர் நிற்கும் இடத்தில் கணுக்கால் அளவே இருந்தது. அதற்குள் ஊதாவும் பச்சையும் பொன்னுமாக, சாப்பாட்டு மேசை அகலத்துக்குத் தோல் பவளங்கள், கண்ணுக்கு எட்டிய வரை.

"இறங்கு, பயப்படாத" என்று லாசரஸ் கை நீட்டினார்.

"எங்கேங்க காலை வைக்கிறது? எல்லாம் உசிரா இருக்கே" என்று சொல்லி, அவள் மணலிலேயே நின்றாள்.