மாப்பிள்ளைக்கு நான் பதிவு செய்த வண்டி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தவள் நானேதான். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அதை வேறு யார் செய்வார்கள்? நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போன் என்றால், மணி அடிக்கும்போது எடுத்து, "ஆ, சொல்லு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவதற்கான பொருள். அம்மா அதைத் தொடவே மாட்டாள். நான் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்; ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவள். ஆகவே ஆன்லைன் சமாச்சாரம் எல்லாம் எங்கள் குடும்பத்தில் என் இலாகா.

மாப்பிள்ளை வீட்டார் பூனேயில் குடியேறிய தமிழர்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா என்று மூன்று பேரும் விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து காரில் நேராகத் திருப்பதி ஹோட்டலுக்கு வர வேண்டும். ஹோட்டலில் பெண் பார்த்தல்; எருமைக்கு ஆள் வேண்டும் என்று அம்மா வீட்டில் இருப்பாள், நைனா மட்டும் பஸ்ஸில் வந்துவிடுவார். மறுநாள் மலைக்குப் போய்த் தரிசனம். எங்கள் ஊரும் அதே ரோட்டின் மேல்தான், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. கார் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தாண்டிப் போய்விட வேண்டும், நிற்கவே கூடாது என்பதுதான் நான் போட்ட திட்டம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இரண்டு வீட்டார் எங்கள் வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் என்னைவிட அதிகமாக எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத்தான் பார்த்தார்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாவதாக வந்த அம்மாள் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். பின்னால், மாட்டுக் கொட்டகையைத் தாண்டி இருக்கிறது என்று அம்மா கை காட்டினாள். அந்த அம்மாள் அங்கே போகவும் இல்லை, திரும்ப வந்து உட்காரவும் இல்லை; மகனைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். நைனா காபித் தட்டோடு வாசலில் நின்றார். கார் கண்ணுக்கு மறைந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "காபி சூடு பத்தலியோ இன்னாவோ" என்றார்.

அவர்கள் வேண்டாம் என்றதில் எனக்குச் சொட்டு வருத்தம் கிடையாது. நைனா அந்தத் தட்டோடு நின்ற நிலையைத்தான் மறக்க முடியவில்லை. இனி எவனும் என் நைனாவை அவர் வீட்டு வாசலிலேயே அப்படி நிற்க வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த மூன்றாவது ஆளை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? ஜாதகம் கைமாறிய நாளிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நான் வள்ளென்று விழுந்தால் மற்றவர்கள் போனை வைத்துவிடுவார்கள், இவர் சிரிப்பார். வீட்டைப் பற்றி மட்டும் அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. முதலில் என்னைப் பார்க்கட்டும், பேசட்டும், சரி என்று சொல்லட்டும். வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது?

ஹோட்டல் பேசி முடித்த கையோடு, திருப்பதியிலேயே இருக்கிற ஒரு டிராவல்ஸ்காரர்களின் ஆப்பில் கார் பதிவு செய்தேன். அடேயப்பா, என்னவெல்லாம் கேட்டார்கள்! விமானத்தின் எண், எத்தனை பெட்டி, குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமா, பெயர்ப் பலகையோடு வரவேற்க வேண்டுமா. எனக்குக் குஷி தாங்கவில்லை. பெயர்ப் பலகைக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்ட இடத்தில், "வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது" என்று எழுதினேன். கடைசியில், அவசரத்துக்கு இன்னொரு போன் நம்பர் கொடுங்கள் என்றது. யோசிக்காமல் நைனாவின் நம்பரைப் போட்டுத் தொலைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் திருப்பதியிலிருந்து காலியாகக் கிளம்பியது. கிளம்பும்போது டிரைவர் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் பியூட்டி பார்லரில் முகம் முழுக்கப் பப்பாளிக் கூழை அப்பிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். நான் எடுக்கவில்லை என்றதும் அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

மத்தியானம் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஹோட்டல் வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்தேன். போனில் அந்த விமானம் சின்னப் பொம்மையாக நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் டிரைவரிடமிருந்து ஒரு போட்டோ. பெயர்ப் பலகையோடு நிற்கிற போட்டோவை அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி வழக்கமாம். பார்த்தேன். பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் நைனா! கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு, முகமெல்லாம் பல். பக்கத்தில் அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, கையில் தாம்பாளத்தோடு.

டிரைவரைக் கூப்பிட்டேன். "மீ நான்னகாருதான், உங்க அப்பாதான் மேடம்! புத்தூர் தாண்டினதும் ரோட்ல நின்னு கை காட்டினாரு. நீங்க சொல்லித்தான் வர்றாருன்னு நெனச்சேன்" என்றார் அந்தத் தெலுங்கர், பாவம். நைனாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஆ, சொல்லு."

"நைனா, அங்க இன்னா பண்ணிகினு கீற?"

"இன்னா கண்ணு இப்டி கேக்கற? நல்ல காரியத்துக்கு வர்றவங்கள எதிர்ல போயி அழைக்காம, டிரைவர வுட்டா அழைப்பாங்க? வண்டி வேற காலியா போய்க்கினு இருந்துச்சி. சுபத்துக்குப் போற வண்டி காலியா போவலாமா?"

எங்கள் பக்கத்தில் அது உண்மைதான். பெண் பார்க்க வருகிறவர்களை ஊர் எல்லைக்கே போய் அழைத்துவர வேண்டும். நைனா அந்த எல்லையை மீனம்பாக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"காரு நாலு பேருக்குத்தான் நைனா. அவங்க மூணு, நீங்க ரெண்டு. எப்டி வருவீங்க?"

"அத நா பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அங்கே நடந்ததை மாப்பிள்ளையின் அக்கா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அத்தை ஆரத்தித் தண்ணீரைக் கலர் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோயிருக்கிறார். கார் ஏறுகிற இடத்தில் தாம்பாளத்தில் ஊற்றி, கற்பூரத்தையும் எடுத்துவிட்டார். போலீஸ்காரர் ஓடிவந்து, இங்கே நெருப்பு வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார். சரி என்று கற்பூரம் இல்லாமலேயே சுற்றி மூன்று பேர் நெற்றியிலும் பொட்டு வைத்து, "நீ மட்டும் இன்னா பாவம் பண்ண?" என்று போலீஸ்காரருக்கும் ஒரு பொட்டு வைத்தாராம். எனக்கு அதைக் கேட்டபோது மானம் போயிற்று. இப்போது நினைத்தால் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கார் ஹோட்டலுக்கு வந்து நின்றது. பின் சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, நடுவில் அத்தை. டிக்கியில் பாதி இடத்தை வண்டி ஓடுகிற கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டதால், முன் சீட்டில் ஒரு பெரிய பெட்டி பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையைக் காணோம்.

"இடம் பத்தலைம்மா. நான் பஸ்ஸுல போறேன், தம்பி துணைக்கு வரட்டும்னு உங்கப்பா கேட்டாரு. இவனும் உடனே அவர் பின்னாடி போயிட்டான்" என்றார் அவருடைய அம்மா. அத்தையைப் பார்த்தேன். வாய் ஓயாத மனுஷி, ஹோட்டல் கூரையில் தொங்கிய விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி வந்தது. அந்த அம்மா என்னிடம் பள்ளிக்கூடம், பிள்ளைகள், எந்த வகுப்பு அதிகமாகப் படுத்துகிறது என்றெல்லாம் கேட்டார். என் வாய் பாட்டுக்குப் பதில் சொன்னதே தவிர, காதெல்லாம் வாசலில் இருந்தது. எந்தப் பஸ்ஸாக இருந்தாலும் வந்திருக்க வேண்டும். நைனா போனை எடுக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் முதலில் கேட்டது எங்கள் எருமையின் குரல். அடுத்தது அம்மாவின் குரல்: "இன்னும் ஒண்ணு துன்னுப்பா, களி ஒண்ணும் பண்ணாது."

"எங்க இருக்கீங்க?" என்றேன், தெரிந்தே.

"உங்க வீட்டுல."

போனை வைத்தேன். அந்தக் கூரை, அந்தக் கொட்டகை, நைனா கையில் தட்டு. இன்றைக்கும் அதே கதைதான் என்று மனசுக்குள் ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். "பையன் அங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், நாம மட்டும் இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்? கெளம்புங்க" என்று எழுந்துவிட்டார். டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு, வந்த ரோட்டிலேயே திரும்பினோம்.

"உனக்குத் தெரியும்தானே?" என்று காரில் அத்தையின் காதைக் கடித்தேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்? வாக்கா, ஏரோப்ளேனு காட்றேன்னான் உன் நைனா. போனேன். கூப்ட்டா போவ மாட்டாங்களா?"

வீட்டில் மாப்பிள்ளை நைனாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேண்ட்டில் மாம்பழச் சாறு கொட்டிவிட்டதாம். கையில் களி, வட்டிலில் வேர்க்கடலைச் சட்னி. என்னை நிமிர்ந்து பார்த்தார். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நான், லுங்கியோடு அவர். முதன்முதலாக நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது இப்படித்தான்.

அவருடைய அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பின்பக்கம் கை காட்டினாள். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, எருமையை ஒதுக்கிக்கொண்டு போனார். முகம் கழுவி, முந்தானையால் துடைத்தபடி திரும்பி வந்தார். "தண்ணி என்ன இப்படி ஜில்லுனு இருக்கு! பூனேல காசு குடுத்தாலும் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கும் ஒரு உருண்டை களி போடுங்க என்றார். அத்தை சத்தமாகச் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையும் நானும் மாமரத்துப் பக்கம் நடந்தோம். நகரி மலையின் மூக்கு மாதிரிப் பாறை வெயிலில் சிவந்து தெரிந்தது. "எங்க நைனா உங்களை எதுக்கு இங்க இறக்கினாரு?" என்று கேட்டேன். பஸ்ஸில் நைனா தன்னிடம் பேசியதை, நைனா பேசிய மாதிரியே அவர் சொன்னார்.

"தம்பி, எங்க ஊடு சின்னது. மேல ஷீட்டு. பாத்ரூம் பின்னால கீது. ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் பூட்டாங்க. எம்பொண்ணு அதுக்கு பயந்துகினுதான் ஓட்டல்ல வச்சிகினு கீது. நீ மொதல்ல எங்கூட வந்து ஊட்டப் பாரு. புடிக்கலன்னா என்னாண்டயே சொல்லிடு, நா யார் மேலயும் கோச்சிக்க மாட்டேன். அவ மூஞ்சிக்கு நேரா மட்டும் சொல்லாத தம்பி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிர்கொண்டு அழைப்பதும் காலி வண்டியும் சாக்குதான். வேண்டாம் என்கிற வார்த்தையை எனக்கு முன்னால் தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனுஷன் சென்னை வரைக்கும் போயிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நம்ம ஊரு வந்தா சொல்லுங்க மாமா, நான் தூங்கிடுவேன்னு சொன்னேன்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, அவரு வேணாம்னு சொல்லியிருந்தா என்னாண்ட வந்து இன்னா சொல்லியிருப்ப?"

"இன்னா சொல்றது. ஏரோப்ளேனு வரலன்னு சொல்லியிருப்பேன்."

"அவங்க அம்மாவும் அக்காவும் என் எதிர்ல ஒக்காந்து காபி குட்ச்சிகினு இருந்தாங்களே!"

நைனா புல்லைக் கீழே போட்டார்.

"ஆமா இல்ல?" என்றார். "நா உன்ன மட்டுந்தான் நெனச்சிகினு இருந்தேன் கண்ணு. அவங்கள மறந்தே பூட்டேன்."