கரடி திரும்பிய இடம்

நனைந்த சாக்கும் புளித்த கூழும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை. வரதய்யபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அறுப்பு முடிந்த கழனியில் கட்டியிருந்த ஒரு கரடியின் வாடை அது. எங்கள் ஊர் சென்னையோடு இருக்குமா ஆந்திராவோடு போகுமா என்று பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துக் கூரை முந்தின மழையில் விழுந்துவிட்டது. எந்த சர்க்கார் போடவேண்டும் என்று தெரியாததால் எந்த சர்க்காரும் போடவில்லை. தலைமை ஆசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தியவேட்டில் கூடாரம் அடித்திருந்த சர்க்கஸ்காரரைப் பிடித்து, எங்கள் ஊரிலும் ஆட்டம் போட்டு வசூலில் ஒரு பங்கைக் கூரைக்குத் தரும்படி பேசி முடித்தார்.

வந்த மிருகங்களில் கிழச் சிங்கம் எந்நேரமும் தூங்கியது. கரடிதான் நின்ற இடத்தில் நிற்காது. கூண்டுக்குள் நாலு எட்டு வைக்கும், கம்பியில் இடிக்காமல் தோளை ஒடுக்கிக்கொண்டு திரும்பும், மறுபடி நாலு எட்டு வைக்கும். இதில் அதிசயம் இல்லை. ஆனால் பகலில் அதை வெளியே கொண்டுவந்து நீளக் கயிற்றில் முளையடித்துக் கட்டுவார்கள். சுற்றிலும் வெட்டவெளி. அங்கேயும் நாலு எட்டுதான் நடந்தது. இல்லாத கம்பியில் இடித்துக்கொள்ளாமல் தோளை ஒடுக்கிக்கொண்டு திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தை "பயந்துக்கினா" கரடி மேல் உட்காரவைப்பார்கள். அதன் மயிரைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். குழந்தையின் பயத்தைக் கரடி வாங்கிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. என் தங்கை வள்ளிக்கு அப்போது நாலு வயது. கழனிக் கிணற்றில் விழுந்து, தூக்கி எடுத்த நாளிலிருந்து பேச்சே இல்லை. அவளுக்குப் பேச்சு வராமலே போய்விடுமோ என்று அம்மா இளைத்துத் துரும்பாகியிருந்தாள். அதனால் மற்ற பெண்களோடு அம்மாவும் வள்ளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். ஆளுக்கொரு பிடி மயிர் பிடுங்கியதில் கரடியின் இடப்பக்கம் வெறும் தோலாகிவிட்டது. "பயம் போதுந்தம்மா" என்று, பயம் போய்விடும் என்பதைத் தெலுங்கில் சொன்னபடி, கரடிக்காரர் வள்ளியை அதன் முதுகில் வைத்தார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அழவில்லை. அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மூன்றாம் நாள் காலை வள்ளி எங்கள் வாசலில் நடந்துகொண்டிருந்தாள். உரலிலிருந்து நாலு எட்டு. சுவர் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அவள் தோளை ஒடுக்கிக்கொண்டு திரும்பினாள். போனாள், வந்தாள், சாப்பிடக் கூப்பிட்டும் நிற்கவில்லை. பிறகு மூக்கைத் தொட்டு, "நோவுது" என்றாள். கிணற்றுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கரடிக்கு மூக்கணாங்கயிறு போட்ட துளை சீழ் பிடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடியிருந்த அவள் எப்படிப் பார்த்தாள்?

பிள்ளை விளையாடுகிறது என்றார் நைனா, எங்கள் அப்பா. அம்மா சொன்னாள்: "நம்ம கொழந்த பயத்த அது வாங்கிக்கும்னு குந்த வச்சோம். அதுக்கே பயம் ரொம்பிப் போய்க் கீது, எங்க வாங்கும்? அத்தோட பயத்தயும் சேத்து இவ மேலயே எறக்கி வச்சிடுச்சி."

அன்று மத்தியானமே எங்கள் இருவரையும் கழனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வள்ளியின் இடுப்பிலிருந்த தாயத்தை அறுத்து, மயிரை எடுத்துக் கரடியின் முன்னால் வைத்தாள். அது குனிந்து மோந்து பார்த்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. அம்மாவின் பக்கத்தில் நின்ற வள்ளியும் நடந்தாள். நாலாவது எட்டில் கரடியும் அவளும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து அம்மா நேரே தலைமை ஆசிரியரிடம் போய், மிருகங்களை ஆட வைக்கும் ஆட்டம் வேண்டாம் என்றாள். மழை வந்தால் பிள்ளைகள் எங்கே உட்காரும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "நனையட்டும் அய்யா" என்றாள் அம்மா. "அத்த அடிச்சி ஆட வச்சி வர்ற கூரைல எங்க புள்ளைங்க குந்தாது."

ஆட்டத்துக்குப் பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் இறங்கிவந்தார். மிருகங்களைச் சத்தியவேட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சர்க்கஸில் கயிற்றின் மேல் நடக்கும் பெண்ணையும் கோமாளியையும் வைத்தே ஆட்டத்தை நடத்தினார். கூட்டம் பாதிதான். வசூலில் வாங்கிய கூரை ஓடும் பாதிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் எட்டியது. இரண்டு மழைக்காலம் நாங்கள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதற்காக ஊரில் அம்மாவைத் திட்டாத வீடு இல்லை. சொன்ன சொல்லிலிருந்து அம்மா இறங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வள்ளி மெல்ல மெல்லப் பேசினாள், மற்ற பிள்ளைகளைப் போல நடந்தாள். ஊர் ஆந்திராவோடு போயிற்று. பள்ளிக்கூடம் மாடிக் கட்டிடமாயிற்று. கரடியையும் சிங்கத்தையும் ஆட்டக்கூடாதென்று சட்டம் வந்து, கழனியில் கூடாரம் அடிப்பவர்களும் இல்லாமல் போனார்கள். என் பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். வள்ளிக்கே அந்தக் கரடி துளியும் ஞாபகமில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் தேர் ஓடுமளவு அகலமான நடைக்கூடம். ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளே அவரைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வள்ளி எழுந்து நடந்தாள். நாலு எட்டு வைத்தாள், தோளை ஒடுக்கிக்கொண்டு திரும்பினாள். அவளைப் பிடித்து உட்காரவைக்க எழுந்த நான், அவள் திரும்பிய இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டேன். அங்கே வெறும் காற்றுதான். கையை நீட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.