எட்டுக் கோடும் ஒன்றாக ஏறிய தைப்பூசம்

கஸ்தூரி ஆண்டுதோறும் பால்குடம் எடுக்கிறவள் அல்ல. இந்த ஆண்டுதான் வேண்டிக்கொண்டாள். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆய்வகத்தில் அவளுக்கு நெடுங்காலமாக ஒப்பந்த வேலை. நிரந்தரமாக வேண்டுமானால் மேலாளர் வள்ளியப்பன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: புதிதாக வந்த இயந்திரத்தில் அவளே தனியாக ஒரு சோதனையை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அந்த இயந்திரத்துக்கு அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. எட்டுக் கண்ணாடிக் கலன்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. தானே கலக்கும், தானே திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். ஆளே வேண்டாம். ஒவ்வொரு கலனின் சூடும் கைப்பேசியில் ஒரு கோடாகத் தெரியும்; பார்க்க மட்டும்தான் முடியும். முதல் நாளே கையிருப்பில் இருந்த மூலப்பொருளை மிச்சமில்லாமல் எட்டிலும் ஊற்றி, தைப்பூச விடுமுறையன்று காலையில் தானாக ஓடும்படி வைத்துவிட்டு, நிம்மதியாகக் குடம் எடுத்தாள் கஸ்தூரி.

கோயிலுக்குப் பாதி வழியில், கைப்பேசியோடு கூடவே நடந்த கணவன் ரூபேந்திரன் கேட்டான்: "கஸ்து, எட்டுக் கோடும் ஒண்ணா மேல ஏறுது. அப்படித்தான் ஏறணுமா?"

ஏறக்கூடாது. எட்டுக்கும் பொதுவானது குளிர்நீரை ஓட்டும் சில்லர் ஒன்றுதான். விடுமுறைக்குக் கிளம்பும்போது அதன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். நேற்று அவள் கையும் அதைத்தான் செய்திருந்தது. பாழாய்ப்போன கை!

"அலமாக்! சில்லர ஆஃப் பண்ணிட்டேங்க. செக்யூரிட்டிக்குப் போன் போடுங்க."

காவலர் செல்லப்பன்தான் எடுத்தார். "கார்டு இல்லாம லேப் கதவு தெறக்காதும்மா. வள்ளியப்பன் சாரும் மெர்சிங் போயிட்டாரு. நான் கண்ணாடி வழியா பாக்கத்தான் முடியும்."

அவளுடைய கார்டு பெர்மாஸ் ஜெயா வீட்டில் கிடந்தது. சாலையெல்லாம் ஊர்வலத்துக்காக அடைத்திருந்தார்கள்.

"கொடத்த எறக்கிரலாமா?" என்றான் ரூபேந்திரன்.

சன்னிதி வரும்வரை இறக்கக்கூடாது. இறக்கித்தான் என்ன ஆகப்போகிறது? இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்தபடி நடந்தாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை.

பாலைக் கொடுத்தபோது வேண்டுதலைச் சொல்ல வாய் வரவில்லை.

வெளியே வந்ததும் ரூபேந்திரன் கைப்பேசியைக் காட்டினான். சூடு எல்லை மீறியதும் இயந்திரம் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டிருந்தது. கலன்களுக்கு ஆபத்தில்லை. உள்ளே இருந்ததெல்லாம் கருகியிருக்கும். மறுபடி ஓட்டிக் காட்ட ஒரு துளி மூலப்பொருள் இல்லை. அவனுக்கு அது தெரியாது. கோடுகள் ஏறாமல் நின்றதைப் பார்த்தே அவன் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, நின்னுருச்சு! முருகன் கைவிடல லா. இனி வேல உனக்குத்தான்!"

கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனிடம் உண்மையைச் சொல்லக் கஸ்தூரிக்குத் தெம்பில்லை. அவளும் போட்டுக்கொண்டாள்.