ஈனிட் டீச்சரின் மிஷ்ரி

இன்றைக்கு நாலாவது தடவையாகப் பல் தேய்க்கிறாள் ஈனிட். பகல் பதினொரு மணி, பள்ளி இடைவேளை. தகர டப்பியிலிருந்து கரிய பொடியைச் சுட்டுவிரலில் ஒற்றி, ஈறைச் சுற்றித் தேய்த்து, கண்ணை மூடிச் சற்று நிற்பாள். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு, வகுப்புக்குப் போய்ப் பையன்களின் பைகளைச் சோதிப்பாள்.

"பூனாவே பிரௌன் சுகர்ல முங்கிக் கெடக்கு. நம்ம பிள்ளையள நாமதான் பாக்கணும்" என்பாள். கட்கி தமிழ்ச் சபையின் போதை ஒழிப்புக் குழுவுக்கு 1984 முதல் அவள்தான் செயலாளர். உறுதிமொழித் தாளில் முதல் கையெழுத்தும் அவளுடையதே.

அந்தப் பொடிக்கு இங்கே மிஷ்ரி என்று பெயர். புகையிலையைக் கல்லில் கருக வறுத்துப் பொடித்தது. பல்வலிக்கென்று பக்கத்து வீட்டு மராட்டிக்காரி கொடுத்தாள். வலி போய்ப் பதினாறு வருடமாகிறது. அண்ணன் ஹெர்பர்ட் கேட்டால், "பல்லு தேய்க்கது தப்பாண்ணே? வேதத்துல எங்க போட்டிருக்கு?" என்பாள். அவர் எட்டாவதோடு கசார்வாடிப் பட்டறைக்குப் போனவர். தங்கை டீச்சர் என்பதை லேத் மெஷினிடம்கூடச் சொல்லியிருப்பார்.

போன வருடக் கடைசியில் அவள் கன்னத்தின் உட்புறம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வலியே இல்லை, அதுதான் ஹெர்பர்ட்டைப் பயமுறுத்தியது. டாக்டர் கான்பூரிலிருந்து புதிதாக வந்தவர். வாயில் என்ன போடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஈனிட் மறைக்கவில்லை. "மிஷ்ரி. ஒரு நாளைக்கு ஆறு தடவை."

டாக்டரின் ஊரில் மிஷ்ரி என்றால் கற்கண்டு. இவ்வளவு இனிப்பு தின்றால் பல் கறுக்காமல் என்ன செய்யும் என்று கடிந்து, சர்க்கரையை அறவே நிறுத்தச் சொன்னார்.

"ஏட்டி, அவருக்கு வெளங்கல" என்றார் ஹெர்பர்ட், வெளியே வந்ததும்.

"நான் உள்ளதத்தான சொன்னேன். அவருக்கு இந்த ஊர்ப் பாசை தெரியலன்னா நானா பொறுப்பு?"

அன்றிலிருந்து டீயில் சர்க்கரை இல்லை. கிறிஸ்துமஸ் கேக்கையும் தொடவில்லை. "நாக்கக் கட்டுததுன்னா என்னன்னு எங்கிட்டக் கேளுங்க" என்று குழுக் கூட்டத்தில் பேசினாள். கைதட்டியவர்களில் ஹெர்பர்ட்டும் ஒருவர். ஞாயிறுதோறும் டார்ச் அடித்து, திட்டை ஸ்கேலால் அளந்தவரும் அவர்தான். அது வளர்ந்துகொண்டிருந்தது.

மறுமுறை போனபோது, ஹெர்பர்ட் அவள் கைப்பையிலிருந்து டப்பியை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார். அவருடைய இந்திக்கு அதுவே சுருக்கவழி. டாக்டர் முகர்ந்தார், தும்மினார். இது புகையிலை, இதை விட்டால் திட்டு மறையலாம், விடாவிட்டால் கன்னத்தை வெட்ட வேண்டிவரும் என்றார்.

ஈனிட்டின் கண் கலங்கியது. விட்டுவிட்டேன் என்று டாக்டருக்கு இந்தியில் சொன்னாள். அண்ணனுக்காகத் தமிழிலும் சொன்னாள்: "விட்டுட்டேண்ணே. இந்த நிமிசமே."

டாக்டர் டப்பியைக் குப்பைக்கூடைக்கு மேலே கவிழ்த்தார். பொடி விழுவதற்குள் அவள் உள்ளங்கை கீழே விரிந்திருந்தது.