பிளேட்லெட்டும் அத்தை வீட்டுக் காப்பியும்

போன வாரம் காய்ச்சல் என்று பழனிசெட்டிபட்டியில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பினேன். ஓட்டிய தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "பிளேட்லெட் எறங்கிருச்சாம்மா? பப்பாளி எலைய அரைச்சுக் குடிங்க, ரெண்டே நாள்ல ஏறிரும்" என்றார். பவ்வியமாகத் தலையாட்டினேன். முப்பது வருடம் அந்தப் பிளேட்லெட்டோடு குப்பை கொட்டியவள் நான் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னாலும் இலையைத்தான் அரைக்கச் சொல்லியிருப்பார்.

எழுபதுகளில் இந்தச் சொல் தேனியில் யாருக்கும் தெரியாது. நான் அப்போது மதுரையில் ஆராய்ச்சி மாணவி. ரத்தத்தில் மிதக்கும் சின்னஞ்சிறு துணுக்குகள்தான் பிளேட்லெட். காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரளும்போது, உள்ளே பொத்தி வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருளை வெளியே கொட்டும். எவ்வளவு கொட்டுகிறது என்று அளப்பது என் வேலை. தேனியில் பஞ்சு மண்டி வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி ஆத்தா, அளந்து யாருக்கு விக்கப்போற?" என்றார்.

ரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கூடப் படித்தவர்கள் என்னைக் கண்டாலே மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார்கள். சொந்தபந்தம் எதற்கு இருக்கிறது? சனிக்கிழமை காலைகளில் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டேன். மாமா சொல்லிவிட்டால் வீட்டிலும் மண்டியிலுமாக, அவரையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வரிசையில் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ரத்தம் எடுத்துத் தருவார். பிளேட்லெட்டைக் குளிரவிட்டால் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் கிடையாது. குழாய்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறுவேன். கண்டக்டர் என்னவென்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். பிறகு மூன்று பேர் சீட்டில் நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

மதுரையில் கெஞ்சி வாங்கிய நாலைந்து பேர் ரத்தம் ஒழுங்காகத் திரண்டது. தேனி ரத்தம் மட்டும், யார் கொடுத்தாலும், சரியாகத் திரளவில்லை. கொட்ட வேண்டியதையும் கொட்டவில்லை. எங்கள் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பரம்பரைக் குறையாக இருக்குமோ? இதுவரை யாரும் எழுதாத ஒன்றோ?" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊருக்கு வந்து பீற்றிக்கொண்டேன்.

அப்பாதான் இடிந்துபோனார். போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார் அவர். சித்திரைக்குள் ஆராய்ச்சியை முடிக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம், படிப்புக்கு முழுக்கு என்று கெடுவும் வைத்திருந்தார்.

"ஏ புள்ள, குடும்பத்து ரத்தத்துலயே கோளாறுன்னு புத்தகத்துல போட்டா அவுக பொண்ணெடுக்க வருவாகளா?"

வராவிட்டால் ரொம்ப நல்லது என்பதை நான் மனதோடு வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஓர் உறுத்தல். பஸ் குலுக்கலில் ரத்தம் கெட்டுப்போகிறதோ? மதுரையில் நன்றாகத் திரளும் என் ரத்தத்தையே தேனியில் எடுத்துக் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை நானே பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமா மனைவி, என் அத்தை, காப்பியும் கூடவே ஒரு வெள்ளை மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இதென்ன அத்தே?"

"தலவலி மாத்திரதான். போட்டுக்க, ஊசி வலி தெரியாது. வந்தவுக எல்லாத்துக்கும் வந்த ஒடனே இதக் குடுத்துட்டுத்தான காத்திருக்கச் சொன்னேன். நம்ம வீட்டுக்கு வந்தவுகள நோக விடலாமா?"

பெட்டிக்கடையில் கிடைக்கும் ஆஸ்பிரின் அது. ஒன்று உள்ளே போனால் போதும், பிளேட்லெட் பழையபடி திரளப் பத்து நாள் ஆகும். உலகம் அறியாத என் கண்டுபிடிப்பு அத்தையின் உபசாரம்! நோட்டில் ஒவ்வொருவரின் வயது, எடை, வியாதி எல்லாம் எழுதியிருந்த மேதைக்கு, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. சித்திரை முடிய ஐந்து வாரம் இருந்தது. கூடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மண்டியிலிருந்து வந்த மாமா, "இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"திரும்ப எடுக்கணும் மாமா. அதுக்கு முன்னாடி எல்லாரும் பத்து நாள் மாத்திரையே தொடக் கூடாது."

"அம்புட்டுத்தான? இருந்துட்டுப் போறோம்."

பதினோரு பேரும் அப்படியே இருந்தார்கள். மறுபடி எடுத்ததில் முதலில் திரண்டது மாமாவின் ரத்தம்தான். கெடுவுக்குள் முடித்துவிட்டேன். இதற்குள் கோளாறுச் செய்தி போடி வரை போய், மாப்பிள்ளை சின்னமனூரில் வேறு பெண்ணைக் கட்டிவிட்டார். அந்த வகையில் அத்தையின் மாத்திரைக்கு நான் கடமைப்பட்டவள்.

வருடங்கள் கழித்து, மாமாவின் காரியம் முடிந்த அன்றுதான் அத்தை சொன்னார்.

"வெயில் ஏறுனா ஒங்க மாமாவுக்கு மண்டையப் பொளந்துரும். தெனம் ரெண்டு மாத்திர இல்லாம இருக்க மாட்டாக. அந்தப் பத்து நாளும் துண்டத் தலயில இறுக்கிக் கட்டிக்கிட்டு மண்டியில ஒக்காந்திருந்தாக. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

அதன் பிறகு பெரிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்தார்கள்; நல்லவர்கள்தான். ஆனால் எனக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. இப்போது அத்தையும் இல்லை. மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. என் ஆய்வேட்டில் மட்டும் ஒரு வரி இருக்கிறது: "பத்து நாட்கள் எந்த மருந்தும் உட்கொள்ளாத, நலமான பதினொரு பேர்." நலமான என்று எழுதியபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவர் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தவள், உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்று அவர் இருந்தவரை ஒருநாளும் கேட்கவில்லை.